கிரகணக் கணக்கு

கடற்கரைச் சாலையில் காலை நடை போகிறவர்களில் நாங்கள் நால்வர் ஒரு கூட்டு. காந்தி சிலையில் தொடங்கி டூப்ளே சிலை வரை போய்த் திரும்புவோம். ஒருவர் பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்ற சொல்தா, ஒருவர் தமிழாசிரியர், இன்னொருவர் மளிகைக் கடை வைத்திருந்தவர், நான்காவது ஆள் நான். போன வாரம் தமிழாசிரியர் தம் கைப்பேசியில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். பாண்டிச்சேரியில் ஒரு தமிழர் சோழியை வைத்துக்கொண்டு கிரகணத்தைக் கணித்தாராம், 41 விநாடிதான் பிசகியதாம். வெள்ளைக்காரனின் கணக்கு 68 விநாடி தவறியதாம். கீழே நான்கு கொடிப் படமும் கும்பிடும் கைகளும்.

"நீங்கதான் பிரெஞ்சு படிச்சவராச்சே, இது உண்மையா சொல்லுங்க" என்றார்.

உண்மைதான் என்றேன். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் கதை இருக்கிறது என்றேன். நடையில் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த வெள்ளைக்காரரின் பெயர் கியோம் லெ ழாந்தி. 1725-இல் நார்மண்டியில் கூத்தான்ஸ் என்ற ஊரில் பிறந்தவர், பாரீஸ் அறிவியல் கழகத்தின் உறுப்பினர். வெள்ளிக் கிரகம் சூரியனுக்கு முன்னால் ஒரு சிறு கரும்புள்ளியாகக் கடந்து போவது எப்போதோ ஒரு முறை நடக்கும். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும், பிறகு நூறு ஆண்டுக்கு மேல் வராது. அந்தக் காலத்தவருக்குக் கிடைத்த ஜோடி 1761-உம் 1769-உம். உலகின் பல மூலைகளில் நின்று, புள்ளி உள்ளே நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அந்த நேர வேறுபாடுகளை ஒப்பிட்டால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆங்கிலேயரான ஹாலி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்காகப் பல நாட்டு அறிஞர்கள் கப்பல் ஏறினார்கள். லெ ழாந்திக்கு வாய்த்த இடம் நம் ஊர்.

1760 மார்ச்சில் பிரான்சை விட்டுப் புறப்பட்டார். ஜூலையில் மொரீஷியஸ், அப்போது அதற்கு இல் தெ பிரான்ஸ் என்று பெயர். அங்கே பல மாதம் கப்பலுக்குக் காத்திருந்தார். காரணம், ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இங்கே நடந்துகொண்டிருந்த போர். 1761 மார்ச்சில்தான் ஒரு போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. பாதகமான காற்றில் வாரக்கணக்காக அலைந்து மே மாதம் மாஹே பக்கம் வந்தபோது செய்தி தெரிந்தது: மாஹே போயிற்று, பாண்டிச்சேரியும் போயிற்று. லாலி ஜனவரியிலேயே சரணடைந்துவிட்டார். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே ஜனவரியில். கோட்டையையும் ஊரையும் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிக்கொண்டிருந்த நேரம். கப்பல் மொரீஷியஸுக்கே திரும்பியது. ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் தளத்தில் நின்று, லெ ழாந்தி வெள்ளியைப் பார்த்தார். வானம் தெளிவாக இருந்தது. ஆனால் ஊசல் கடிகாரத்தைக் கப்பலில் ஓட்ட முடியாது, கப்பல் நின்ற இடத்தின் தீர்க்கரேகையும் சரியாகத் தெரியாது. பார்த்தது பார்த்ததுதான், கணக்கில் சேராது.

நம்மைப் போன்றவர்களாக இருந்தால் தலைவிதி என்று ஊர் திரும்பியிருப்போம். அவர் அடுத்த எட்டு ஆண்டும் இந்தப் பக்கமே இருந்துவிடுவது என்று முடிவு செய்தார். மடகாஸ்கர் கரையை அளந்தார், தீவுகளுக்கு வரைபடம் போட்டார், காற்றையும் கடலேற்றத்தையும் எழுதிவைத்தார். 1766-இல் மணிலாவுக்குப் போனார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநருக்கு இவர்மேல் சந்தேகம். பாரீஸும் பாண்டிச்சேரியே நல்லது என்று எழுதியது. அதற்குள் 1763 சமாதானப்படி ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்கு மறுபடி வந்திருந்தது. 1768 மார்ச் 27 அன்று லெ ழாந்தி ஒருவழியாக இங்கே கால் வைத்தார். ஆளுநர் லோ தெ லொரிஸ்தோன் நன்றாக வரவேற்று, இடிந்த கோட்டைக்குள் ஓர் இடத்தைக் கொடுத்தார். பழைய மாளிகையின் கனத்த சுவர்கள் மிச்சமிருந்த இடம் அது. அதன்மேல் ஆய்வுக்கூடம் எழும்பியது, அடியில் இருந்த நிலவறையில் வெடிமருந்து. இப்போதைய பாரதி பூங்காவும் ஆயி மண்டபமும் இருக்கும் பகுதிதான் அந்தக் கோட்டை. பேரப்பிள்ளைகளை ஊஞ்சல் ஆட அழைத்துப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த ஆள் நினைவுக்கு வருவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருக்கு நல்ல தொலைநோக்கி ஒன்றைக் கடனாக அனுப்பி வைத்தவர்கள் சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள். ஏழு ஆண்டுக்கு முன் இதே ஊரைக் கல் மேல் கல் இல்லாமல் செய்தவர்கள். அரசியல் என்பதன் ஒரு பக்கமும் மறு பக்கமும் இவ்வளவு அருகில் இருப்பதை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

1769 மே மாதம் முழுவதும் காலை வானம் கண்ணாடி. ஜூன் 3 வரையிலும் அப்படியே. நம் ஊர்க் கணக்குப்படி ஜூன் 4 விடியற்காலையில் சூரியன் எழும்போது வெள்ளி அதன் முகத்தில் இருக்க வேண்டும். அன்று விடிவதற்குள் காற்று எழுந்தது, மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடித்த பிறகு வெயில் வந்து, அன்று பகல் முழுதும் காய்ந்தது. அவர் வேண்டாம் என்று விட்டுவந்த மணிலாவில் அன்று வானம் தெளிவு. இரண்டு வாரம் அந்த மனிதர் பேனாவைக் கையில் எடுக்கவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்தது 1771 அக்டோபரில். பதினொரு ஆண்டு ஆறு மாதம். போரிலும் கப்பல் விபத்துகளிலும் அவருடைய கடிதங்கள் தொலைந்திருந்தன. வாரிசுகள் அவர் இறந்துவிட்டதாகச் சொல்லிச் சொத்தைப் பங்கு போடும் நிலையில் இருந்தார்கள். கழகத்தில் அவர் இருக்கையில் வேறொருவர். வழக்குப் போட்டுத் தோற்றார். அரசர் தலையிட்ட பிறகே கழகத்தில் மீண்டும் இடம் கிடைத்தது. பிறகு கல்யாணம் செய்துகொண்டு, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனாகி, இரண்டு பெரிய தொகுதிகளில் தம் பயணத்தை எழுதி, 1792-இல் காலமானார். பிள்ளை குட்டியோடு அவர் கடைசிக் காலம் கழிந்தது என்று படித்தபோது எனக்கே ஒரு நிம்மதி.

இப்போது சோழிக்கு வருகிறேன்.

பாண்டிச்சேரியில் இருந்த இரண்டு ஆண்டில் லெ ழாந்தி சும்மா இருக்கவில்லை. இங்கே பஞ்சாங்கம் கணிக்கும் பிராமணர்கள் எழுதாமல், பலகை இல்லாமல், தரையில் சோழிகளை நகர்த்தியே கிரகணத்தைக் கணித்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டார். மொழிபெயர்ப்பாளர் உதவியோடு உட்கார்ந்து அந்த முறையைப் படித்தார். அவர்களுடைய வேகம் அவரை அசத்தியது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்துக்கு அம்முறையில் வந்த கால அளவு, கண்ணால் கண்டதைவிட 41 விநாடி குறைவு. ஐரோப்பாவில் சிறந்தது என்று பேர் வாங்கியிருந்த தோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி 68 விநாடி அதிகம். கைப்பேசிச் செய்தியில் இருப்பது இதுதான். லெ ழாந்தி இதை மறைக்கவில்லை, தாமே அச்சிட்டார். அவர் கொண்டுபோன திருவாரூர் அட்டவணைகளை வைத்துக்கொண்டு பாயி என்ற வானியலார் இந்திய வானியலின் தொன்மை பற்றி 1787-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். புரட்சியில் பாரீஸின் முதல் மேயராகி, பிறகு 1793-இல் கில்லட்டினில் தலை போனாரே, அதே பாயி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அவரை மேயராகத் தெரியும். திருவாரூர் சம்பந்தம் யாரும் சொல்லித் தரவில்லை.

எப்படிக் கணித்தார்கள்? எழுத்துக்கு எண் கொடுக்கும் ஒரு முறை உண்டு. வடமொழி எழுத்து வரிசையில் க, ட, ப, ய என்று நான்கு இடங்களில் ஒன்று என்று எண்ணத் தொடங்குவது. அதனால் கடபயாதி என்று பெயர். இப்படி எண்களைச் சொற்களாக்கி, சொற்களை வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்துவிடுவார்கள். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம். ஏன் 248 என்றால், சந்திரன் வேகம் கூடிக் குறையும் சுற்று 9 முறை முடிவதற்கு ஏறக்குறைய 248 நாள் ஆகிறது. வாக்கியப் பஞ்சாங்கம் என்று நாம் சொல்வதில் உள்ள வாக்கியம் இதுதான். வாக்கு பலிக்கும் என்பதால் அந்தப் பெயர் என்று என் தந்தையார் ஒருமுறை சொன்னார். நானும் ஐம்பது வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

லெ ழாந்திக்கு அரை நூற்றாண்டு கழித்து ஜான் வாரன் என்பவர் இதே ஊரில் இதே சோதனையைச் செய்தார். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலேயர் படையில் சேர்ந்து, சென்னை வான் ஆய்வகத்தைச் சில ஆண்டுகள் கவனித்து, கடைசியில் பாண்டிச்சேரிக்கு வந்து இங்கேயே இறந்தவர். ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரை உட்காரவைத்து, சோழிகளையும் மனப்பாட வாக்கியங்களையும் கொண்டு 1825 மே 31 இரவில் வந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். அந்த மனிதருக்குத் தாம் செய்யும் கணக்கின் காரணம் ஒன்றும் தெரியாது, நினைவாற்றல்தான் அபாரம் என்று வாரன் குறித்திருக்கிறார்.

மேடையில் 41 விநாடி வரும். 52 நிமிடம் வராது. அது பொய் சொல்வதும் அல்ல. பாதியைச் சொல்வது. இன்னொரு பக்கம், எங்கள் பள்ளிப் புத்தகத்தில் 41-உம் வரவில்லை, 52-உம் வரவில்லை. இந்தியருக்கு வானியல் என்று ஒன்று இருந்ததாகவே அதில் ஒரு வரி கிடையாது. அதுவும் பாதிதான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் போட்டி அல்ல. அந்தக் கணிதர் கிரகணக் கணக்குக்கு ராகுவின் இடத்தைக் கண்டாக வேண்டும். கணக்கில் ராகு என்பது பாம்பு இல்லை, ஒரு புள்ளி. சந்திரன் போகும் பாதை சூரியன் போகும் பாதையை வெட்டும் இடம். அந்தப் புள்ளி பின்னோக்கி நகர்ந்து பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேல் ஒரு சுற்று சுற்றுகிறது. ராகு கேதுப் பெயர்ச்சி ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை என்று நாம் சொல்வது அதைத்தான். பன்னிரண்டு ராசிக்குப் பெருக்கிப் பாருங்கள். கிரகணம் நிழலால் வருவது என்று 499-இலேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். ஆனாலும் காலையில் புள்ளியாக வைத்துக் கணக்குப் போட்டவர் மாலையில் அதே ராகு விழுங்குகிறான் என்று குளத்தில் முழுகி எழுந்தார். ஒரே மனிதர், ஒரே பெயர். ஏமாற்றுகிறார் என்று சொல்ல எனக்கு மனம் வராது, ஏனென்றால் இதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன்.

1955 ஜூன் 20, திங்கட்கிழமை காலை, சூரிய கிரகணம். இலங்கையில் முழு கிரகணம், நமக்கு ஓரம் மட்டும் மிச்சம். எனக்கு ஏழு வயது. பிரெஞ்சுக் கொடி இறங்கி எட்டு மாதம்கூட ஆகாத நேரம். வீட்டில் பெரியவர்கள் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். தாத்தா பென்ஷனை நினைத்துக் கவலைப்பட்டார், சித்தப்பா காங்கிரஸ் குல்லாய் போட்டுக்கொண்டு திரிந்தார். ஆயாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்: "கொடிய மாத்தினானுங்க, இப்ப சூரியனையே பாம்பு புடிக்குது."

பஞ்சாங்கம் நேரம் சொன்னது. முன் நாளே தண்ணீர்ப் பானையிலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பை விழுந்தது. அடுப்பு அணைந்தது. முற்றத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, அதில் உலக்கையை நிறுத்தினார் ஆயா. யாரும் பிடிக்காமல் உலக்கை நின்றது. சாணம் கரைத்த தண்ணீரில் சூரியன் பிறை போலத் தெரிந்ததை அப்பா காட்டினார். வெயில் மங்கி, காக்கை கத்தி, கொல்லையில் கோழிகள் கூட்டுக்குள் ஓடின. சொன்ன நேரத்துக்குப் பிடித்தது, சொன்ன நேரத்துக்கு விட்டது. உலக்கையைச் சாய்த்து எடுத்த பிறகு எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம்.

நாலு நாள் கழித்து, ஆயா கோயிலுக்குப் போயிருந்தபோது, நானும் என் அக்காவும் அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நிறுத்திப் பார்த்தோம். மூன்றாவது முயற்சியில் நின்றது. அடிப்பாகம் தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும். ஓடிப்போய் ஆயாவிடம் சொன்னேன். அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "கிரகண தோஷம் இன்னும் முழுசா விடல, அதான் நிக்குது" என்றார். அந்தப் பதிலை நான் இன்றும் ரசிக்கிறேன். பிற்காலத்தில் சட்டசபை நடவடிக்கைகளைத் தட்டச்சு செய்தபோது இந்தப் பாணிப் பதில்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அன்று காலை வேறொன்றும் நடந்தது. சித்திக்கு அப்போது நான்கு மாதம். உள் அறையில் கதவைச் சாத்திப் படுக்க வைத்திருந்தார்கள். சூரியன் பாதி மறைந்த நேரத்தில் அவர் எழுந்து அடுக்களைக்குள் போய், பசி தாங்காமல், ஒரு மாங்காயை அரிவாள்மனையில் நறுக்கித் தின்றுவிட்டார். ஆயா பார்த்துவிட்டார். அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை, மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது.

பிறகு நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்களில் பலர் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு கதை இருக்கும். ஆயா கொடியவர் இல்லை. அந்தப் பேரனைத் தோளிலிருந்து இறக்காமல் வளர்த்தது அவர்தான்; பஞ்சில் நனைத்துப் பால் புகட்டியதும் அவர்தான். ஆனால் யாராவது புதிதாக வீட்டுக்கு வந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தால், "அவ மாங்கா அரிஞ்சா" என்று ஒரு வாக்கியம். தினமும் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் முப்பத்தைந்து ஆண்டு. சித்தி ஒருமுறைகூட மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அதன்பின் அந்த வீட்டில் அவர் மாங்காய் தின்றும் நான் பார்த்ததில்லை.

எனக்குப் பதினைந்து வயதில் பள்ளியில் கிரகணம் பாடமாக வந்தது. முசே கரும்பலகையில் வட்டங்களும் நிழல் கூம்பும் வரைந்தார். பிரெஞ்சில் பிசகில்லாமல் ஒப்பித்தேன், இருபதுக்குப் பதினெட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதைத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லவில்லை. அந்தப் பாடம் அந்த மொழியிலேயே இருந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது போல அதையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். முசே வீட்டிலும் கிரகணம் விட்டுக் குளித்த பிறகுதான் அடுப்பு எரிந்தது என்பது வேறு விஷயம்.

1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணத்தின்போது என் மனைவி முழுகாமல் இருந்தார். சனிக்கிழமை பிற்பகல், தெருவில் ஈ காக்கை இல்லை. ஆயா எழுந்து நடமாட முடியாத நிலையிலும் கட்டிலில் இருந்தபடியே உத்தரவு போட்டார். நிழல் கூம்பு படித்த நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? ஜன்னல் இடுக்கில் நானே துணி அடைத்தேன். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வெளியே சொல்வது இதுவே முதல் தடவை.

அலுவலகத்தில் நாற்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். ஒரு கோப்பில் கூட்டல் சரியாக இருந்தால் மேலதிகாரி அடியில் உள்ள பரிந்துரையை அவ்வளவாகப் படிக்க மாட்டார். எண்கள் சரி, கையெழுத்துப் போடு. பஞ்சாங்கமும் அப்படித்தான் எங்கள் வீட்டில் வேலை செய்தது. கிரகணம் எத்தனை மணிக்குப் பிடிக்கும் என்று சொன்னது, பிடித்தது. எத்தனை மணிக்கு விடும் என்று சொன்னது, விட்டது. அதே பக்கத்தில் கர்ப்பிணி பார்க்கக் கூடாது என்று இருந்தால், அதுவும் அதே கணக்கில் வந்ததுதான் என்று ஏன் நினைக்க மாட்டார்கள்? ஆயாவின் நம்பிக்கை அறியாமையால் மட்டும் வந்தது என்று இளம் வயதில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சரியான ஒரு கணக்கை அவர் வாழ்நாள் முழுதும் கண்ணால் பார்த்து வந்தார். சந்தேகப்பட அவருக்கு என்ன இருந்தது? இன்றைக்கு நல்ல புள்ளிவிவரத்தோடு யாராவது மேடையேறினால் நாமும் அடுத்த வாக்கியத்துக்குக் கை தட்டிவிடுகிறோம். தேர்தல் காலத்தில் என் நண்பர்கள் அனுப்பும் செய்திகளைப் பார்க்கிறேனே.

1986-இல் என்னைச் சுகாதாரத் துறைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். உதட்டுப் பிளவு உள்ள குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை முகாம் ஒன்றுக்கான கோப்பு என் மேசைக்கு வந்தது. இணைப்பில் ஒரு மருத்துவக் குறிப்பு இருந்தது. கரு உண்டான ஏழு வாரத்துக்குள் மேலுதடு சேர்ந்துவிடுகிறது, சேராமல் போனால் அதுவே பிளவு, காரணங்கள் பரம்பரையும் வேறு பலவும் என்று எழுதியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். தம்பி பிறந்தது நவம்பர் கடைசி. குறைமாதம் இல்லை. கரு உண்டானது மார்ச் முதல் வாரம். ஏழு வாரம் கூட்டினால் ஏப்ரல் கடைசி வாரம். கிரகணம் ஜூன் 20. சித்தி அந்த மாங்காயை நறுக்குவதற்கு எட்டு வாரம் முன்பே உதட்டின் கதை முடிந்துவிட்டிருந்தது.

காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆயாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் அவரிடம் போய் இதையெல்லாம் கிளறுவானேன் என்று நினைத்தேன். சித்தப்பாவோடு வீட்டுப் பாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, அதில் ஒரு மனத்தாங்கல் வேண்டாம் என்றும் நினைத்தேன். தம்பிக்கு உதடு தைத்து, மீசை வளர்ந்து, சைக்கிள் கடை வைத்து, கல்யாணமும் ஆகி, அவனே அதை மறந்திருந்தான். காரணங்கள் நிறைய இருந்தன. 1991-இல் ஆயா காலமானார்.

சித்தியிடம் சொன்னது 1998-இல். சித்தப்பாவும் போன பிறகு ஒரு நாள் பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் கிரகணம் பற்றி வந்தது; சொல்லிவிட்டேன். கூர்ந்து கேட்டார். தமிழ் மாதத்தில் சொல்லு என்றார். விரல் விட்டு அவரே எண்ணினார். மாசி கடைசி, பங்குனி, சித்திரை.

"அப்ப சித்திரையிலேயே ஆயிடுச்சா?"

"ஆமா சித்தி. கிரகணம் ஆனியில."

"மாங்காய்க்கு முன்னாடியே."

"முன்னாடியே. ரெண்டு மாசம்."

முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "பன்னண்டு வருஷமா தெரியும் சித்தி" என்றேன்.

"உங்க ஆயா போயி ஏழு வருஷம் ஆவுது" என்று சொல்லிவிட்டு மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினார். போகும்போது எப்போதும் போல, சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.